கருப்பு ஆயில் கேனுக்கே திரும்பணும்: கார் ஆயில் மாற்றத் தெரியாதவர்களுக்கு

"ஆயில் தேஞ்சு போச்சு சார், மாத்திரலாம்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். செருப்பு தேய்கிற மாதிரி, டயர் தேய்கிற மாதிரி ஆயிலும் தேய்ந்துபோகும் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையில் ஆயில் தேய்வதில்லை, அழுக்காகிறது. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் ஏன் மாற்றுவது, எப்போது மாற்றுவது, இறக்கிய கருப்பு ஆயிலை என்ன செய்வது என்ற மூன்றுக்கும் பதில் தானாக வந்துவிடும். அதனால் ஸ்பேனரைப் பிறகு எடுத்துக்கொள்வோம்.

மாட்டுவண்டி இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அச்சாணியைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே இழுத்து, விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த மையை அச்சில் தடவுவார்கள். அந்த மைக்கு ஒரே வேலைதான், உரசாமல் பார்த்துக்கொள்வது. கார் இன்ஜினில் இருக்கும் ஆயிலுக்கு அப்படி இல்லை. நிமிடத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் தடவை சுற்றும் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிய படலமாக நிற்க வேண்டும், பிஸ்டனின் சூட்டை வாங்கிக் கீழே கொண்டுவர வேண்டும், எரிந்து படியும் கரியைக் கழுவித் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், துருப்பிடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் வெறும் எண்ணெயால் முடியாது. கேனில் இருப்பதில் முக்கால் பங்குக்கு மேல் அடிப்படை எண்ணெய், மீதி மருந்துச் சரக்கு: அழுக்கைக் கழுவ ஒன்று, கழுவிய அழுக்கு திரளாமல் மிதக்க விட ஒன்று, தேய்மானத்தைத் தடுக்கத் துத்தநாகச் சேர்மம், நுரைக்காமல் இருக்க ஒன்று, இப்படி.

வண்டி ஓட ஓட இந்த மருந்துச் சரக்கு தீர்ந்துகொண்டே வரும். கரி, எரியாத பெட்ரோல், ஈரம், இரும்புத் துகள் எல்லாம் சேர்ந்துகொண்டே வரும். சூட்டில் அடிப்படை எண்ணெயிலும் கொஞ்சம் கெட்டுப்போகும்தான், ஆனால் பெரும்பகுதி அப்படியே இருக்கும், அழுக்கோடு.

நிறத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. ஆயில் கருத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, கழுவுகிற வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் அர்த்தம். டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிய மறுநாளே கருத்திருக்கும். பயப்பட வேண்டிய நிறம் வேறு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கும்போது, கேரள எல்லையோரத்துப் புளியரை தாண்டினால் கிடைக்கிற பால் சாயா மாதிரி வெளுத்துக் கெட்டியாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறதா என்று உடனே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள், அது ஆயில் மாற்றிச் சரியாகிற விஷயம் இல்லை.

எப்போது மாற்றுவது? இப்போதைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. உங்கள் வண்டியின் புத்தகத்தில் இருப்பதுதான் கடைசிச் சொல். ஆனால் அதே புத்தகத்தில் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருக்கும்: கடினமான உபயோகம் என்றால் சீக்கிரம் மாற்றவும். கடினம் என்றதும் எல்லோரும் மலையேறுவதைத்தான் நினைக்கிறார்கள். செங்கோட்டையிலிருந்து புளியரை, கோட்டவாசல், ஆரியங்காவு வழியாக வாரம் நாலு தடவை புனலூர் போய்வருகிறவர் வண்டி கஷ்டப்படுகிறது, சரிதான். ஆனால் வீட்டிலிருந்து பஜாருக்கு இரண்டு கிலோமீட்டர், பஜாரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிலோமீட்டர், அப்புறம் வீடு என்று மட்டுமே ஓடுகிற வண்டியின் ஆயிலும் சீக்கிரம் கெடும், அதை யாரும் சொல்வதில்லை. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் அணைத்துவிடுவதால் உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற நேரமே கிடைப்பதில்லை, சாரல் மாதங்களில் இன்னும் மோசம். என் வண்டி இந்த ரகம். மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வருடத்திலும் ஆயிலை மாற்றிவிடுவேன்.

கேன் மேல் இருக்கும் எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். 5டபிள்யூ-30 என்று இருந்தால், டபிள்யூ என்பது விண்டர், குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால் காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது ஆயில் சீக்கிரம் மேலே ஏறும். பின்னால் உள்ள 30, இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லும் தரம். நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது என்று சிலர் 20-க்குப் பதிலாக 40 ஊற்றச் சொல்வார்கள். கேட்காதீர்கள், இன்ஜினுக்குள் இருக்கும் இடைவெளியை அளந்து வடிவமைத்தவர்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். அதில் 0டபிள்யூ-20 என்றிருந்தால் அதுதான். அப்புறம் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரக்குறி) என்று போட்டு எஸ்என், எஸ்பி என்றிருக்கும். பெட்ரோல் வண்டிக்கு இரண்டாவது எழுத்து ஆங்கில அகர வரிசையில் பின்னால் போகப் போகப் புதிய தரம், எஸ்பி 2020-இல் வந்தது. பிஎஸ்-6 டீசல் கார்களில் புகை வடிகட்டி இருக்கும், அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் தனியாக உண்டு. அதில் சிக்கனம் பார்த்தால் ஆயிலில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு வடிகட்டிக்குப் போய்விடும்.

சரி, இனி வேலை.

சிறிய பெட்ரோல் காருக்கு மூன்று, மூன்றரை லிட்டர் ஆயில் பிடிக்கும். ஒரு புது ஆயில் ஃபில்டர், இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சேம்பரின் போல்ட்டுக்கு ஒரு புது வாசர், அளவுக்குப் பொருந்தும் பாக்ஸ் அல்லது ரிங் ஸ்பேனர், ஒரு புனல், ஐந்து லிட்டராவது பிடிக்கும் பழைய பேசின், கையுறை, பனியன் வேஸ்ட். இவ்வளவுதான் வேண்டும். பேசின் அடுப்படியிலிருந்து எடுத்ததாக இருந்தால் இனி அடுப்படிக்குத் திரும்பக் கூடாது, வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வண்டியை மட்டமான தரையில் நிறுத்துங்கள். எங்கள் பக்கம் நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் இதற்கென்றே கட்டியது போல இருக்கும், ஆனால் அங்கே செய்யாதீர்கள், ஒரு கரண்டி ஆயில் சிந்தினாலும் அடுத்த அறுவடைவரை பேச்சு வாங்க வேண்டியிருக்கும். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கோடு சேர்ந்து நன்றாக இறங்கும், ஆனால் நீண்ட தூரம் ஓடி வந்த உடனே செய்தால் கை வெந்துவிடும்.

இப்போது ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாட்டுவதற்கு மட்டும்தான். அதில் தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள், ஒரு நிமிஷத்துக்குக்கூட. சரியும்போது அது சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுச் சரியாது. ரேம்ப் மேல் ஏற்றுங்கள், அல்லது ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்கி, புத்தகத்தில் காட்டியிருக்கும் இடத்தில் முட்டுக்கொடுங்கள். கைப்பிரேக் போட்டு, மலைப்பாதையில் லாரிக் கிளீனர்கள் செய்வது மாதிரி பின்சக்கரத்துக்குக் கட்டையும் போட்டுவிடுங்கள். இது எதுவும் கையில் இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து மாற்றிக்கொள்வதில் ஒரு அவமானமும் இல்லை.

மேலே பானெட்டைத் திறந்து ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வையுங்கள், காற்று உள்ளே போனால் ஆயில் தடையில்லாமல் இறங்கும். கீழே போனால் ஆயில் சேம்பரின் அடியில் ஒரு போல்ட் இருக்கும். இங்கேதான் புதியவர்கள் தப்பு செய்வார்கள்: கியர்பாக்ஸுக்கும் அடியில் ஒரு போல்ட் உண்டு. அதைத் திறந்து கியர் ஆயிலை இறக்கிவிட்டு, இன்ஜினில் ஏற்கனவே இருக்கும் ஆயிலுக்கு மேல் இன்னும் மூன்று லிட்டர் ஊற்றியவர்கள் இருக்கிறார்கள். எது இன்ஜின் சேம்பர் என்று புத்தகத்தின் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். போல்ட்டின் தலையை நேராகப் பார்த்தபடி இடப்பக்கமாகத் திருப்பினால் கழலும். கடைசி இரண்டு சுற்றை விரலால் சுற்றி, மேல்நோக்கி அழுத்திப் பிடித்தபடியே வந்து சட்டென விலக்குங்கள். முதலில் ஆயில் நேராகக் கொட்டாது, சாய்வாகப் பீய்ச்சும். பேசினை அதற்குத் தகுந்த மாதிரி தள்ளி வையுங்கள். பதினைந்து நிமிடம் சொட்டட்டும், அவசரமில்லை, ஒரு சாயா குடிக்கலாம்.

போல்ட்டைத் திரும்பப் போடும்போது புது வாசர். கையால் முழுக்கச் சுற்றிய பிறகுதான் ஸ்பேனர். கையால் போகாவிட்டால் திரெட் ஏறு மாறாகப் பிடித்திருக்கிறது என்று பொருள், கழற்றி மறுபடி வையுங்கள். பலம் காட்டாதீர்கள். அநேக சேம்பர்கள் அலுமினியம், திரெட் போனால் ஐம்பது ரூபாய் வாசர் மாற்றப் போய்ச் சேம்பரையே மாற்ற வேண்டி வரும்.

ஃபில்டர் கதையில் என் மானம் போன கதையும் இருக்கிறது. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சில சமயம் அது ஃபில்டரோடு வராமல் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை நான் அதைப் பார்க்கவில்லை, அதன் மேலேயே புது ஃபில்டரை மாட்டிவிட்டேன். வீட்டு வாசலில் ஓடவிட்டுப் பார்த்தபோது ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெருமையோடு தென்மலைக்குக் கிளம்பினேன். புளியரை எஸ் வளைவில் ஏறும்போது, முன்னால் வைக்கோல் லாரி, பின்னால் ஒரு டஜன் வண்டி, மீட்டரில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தது. அந்த விளக்கு எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று நினைக்கவே கூடாது, அந்த இடத்திலேயே இன்ஜினை அணைக்க வேண்டும். அதை மட்டும் சரியாகச் செய்தேன். மலை அடிவாரத்திலிருந்து வந்த மெக்கானிக் ஃபில்டரைக் கழற்றி இரண்டு வளையத்தையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இதுல எது உங்களுது அண்ணாச்சி?" என்று ஒரு கேள்வி. அதைவிட, நான் ஏறி வந்த வழி நெடுக ஆயில் கோடு. பின்னால் பைக்கில் வருகிறவன் அந்த வளைவில் வழுக்கினால் என்ன ஆகும்? அவரும் நானும் ஓரத்து மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இறங்கினோம்.

ஆகவே: பழைய வளையம் வந்துவிட்டதா என்று பாருங்கள், ஒட்டும் இடத்தைத் துடையுங்கள். புது ஃபில்டரின் வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயில் தடவுங்கள். வளையம் இன்ஜினைத் தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று போதும், ஸ்பேனர் வேண்டாம். உங்கள் வண்டியில் மூடியைத் திறந்து காகித ஃபில்டரை மட்டும் மாற்றும் ரகம் என்றால் அந்த மூடியின் வளையமும் புதிதாகப் போடணும்.

புத்தகத்தில் சொன்ன அளவில் அரை லிட்டர் குறைவாக முதலில் ஊற்றுங்கள். இன்ஜினைக் கிளப்பினால் சில விநாடிகளில் சிவப்பு விளக்கு அணைய வேண்டும். ஒரு நிமிடம் ஓடவிட்டு, கீழே ஒழுகலைப் பார்த்து, அணைத்து, வண்டியை மட்டமான தரைக்கு இறக்கி, ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுங்கள். இரண்டு குறிக்கும் நடுவே, மேல் குறியை ஒட்டி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேல் குறியைத் தாண்டினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், உள்ளே சுற்றும் கிராங்க் தண்டு அடித்து நுரையாகிவிடும், நுரைக்கு உராய்வைத் தாங்கத் தெரியாது.

வண்டி வேலை முடிந்தது. பேசினில் மூன்று லிட்டர் கருப்பு ஆயில் இருக்கிறது.

நான் இதைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டு அண்ணாச்சி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிடுவார். "அதைக் கீழ ஊத்திராதீங்க தம்பி, எனக்கு வேணும். கதவு நிலையைக் கரையான் அரிக்கு." நம் ஊரில் இந்தக் கருப்பு ஆயிலுக்கு இல்லாத மவுசு இல்லை. கதவு நிலைக்கு, வேலிக் கம்புக்கு, சென்ட்ரிங் பலகைக்கு, அடுப்பில் ஈர விறகு பிடிக்க, கொடுமை என்னவென்றால் சொறி பிடித்த நாய்க்கும் பூசுவார்கள். வேண்டாம். அழுக்கு ஆயிலில் சேர்ந்தது எல்லாம் இன்ஜினிலிருந்து வந்தது: உலோகத் துகள், கருகிய எரிபொருளின் மிச்சம், அவற்றில் சில புற்றுநோய் தரும் வகை. தோலில் திரும்பத் திரும்பப் படக் கூடாது என்பதற்காகத்தான் கையுறை கேட்டேன். நாய் அதை நக்கி உள்ளே இறக்கும், சொறிக்கு முன்னால் ஈரல் போகும். கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப் போங்கள். எரித்தால் உலோகம் புகையோடு மூக்குக்கு வரும், அடுப்பூதுகிறவருக்கு முதலில்.

சாக்கடையில் ஊற்றுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவை மாற்றிய ஆயில் பத்து லட்சம் கேலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்கப் போதும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. எங்கள் பக்கத்து ஓடைகள் குளத்துக்குப் போகும், குளத்து மறுகால் சிற்றாற்றுக்குப் போகும், சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியில் விழும். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவை நெல்லைப் பக்கம் கொண்டுவந்து கொட்டியபோது நாங்கள் எல்லோரும் கொதித்தோம், பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி அவர்களே லாரி கொண்டுவந்து அள்ளிப் போனார்கள். கொதித்தது நியாயம்தான். ஆனால் அதே வாரம் எத்தனை பேர் வீட்டுப் பின்பக்கம் கருப்பு ஆயிலை மண்ணில் கவிழ்த்திருப்போம்? அதற்குச் செக்போஸ்ட் கிடையாது.

இங்கேதான் ஆரம்பத்தில் சொன்னது வருகிறது. ஆயில் தேயவில்லை, அழுக்காகியிருக்கிறது. அழுக்கை எடுத்துவிட்டால் மறுபடி ஆயில். அதற்கான ஆலைகளில் முதலில் சூடாக்கித் தண்ணீரையும் கலந்த பெட்ரோலையும் விரட்டுவார்கள், அப்புறம் காற்றழுத்தம் குறைத்த கலத்தில் ஆவியாக்கிக் குளிரவைத்து வாலை வடிப்பார்கள், கரியும் உலோகமும் அடியில் தங்கிவிடும், மேலே வருவதைச் சுத்திகரித்தால் அடிப்படை எண்ணெய் தயார். 159 லிட்டர் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிற சுமார் 2.4 லிட்டர் மசகெண்ணெயை 3.8 லிட்டர் பழைய ஆயிலிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது அதே முகமையின் கணக்கு. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் அடக்கம், 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் தயாரிப்பவர்களுக்கும் இறக்குமதி செய்பவர்களுக்கும் அதை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது சின்னது. புது ஆயில் வந்த கேன் காலியாகத்தானே இருக்கிறது? பேசினில் இருப்பதைப் புனல் வைத்து அதிலேயே ஊற்றி மூடி, மேலே பெரிதாகப் பழைய ஆயில் என்று எழுதுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றவே ஊற்றாதீர்கள், குழந்தைகள் இருக்கிற வீடு. ரேடியேட்டர் தண்ணீர், பிரேக் ஆயில், பெட்ரோல் எதையும் இதில் கலக்காதீர்கள், கலந்ததைச் சுத்திகரிப்பது சிரமம், யாரும் வாங்க மாட்டார்கள். பழைய ஃபில்டரைக் குப்புற வைத்து ஒரு ராத்திரி சொட்ட விடுங்கள், அதற்குள்ளும் ஒரு டம்ளர் ஆயில் இருக்கும். தரையில் சிந்தியதன் மேல் மரத்தூளோ மணலோ போட்டு ஊறவிட்டு அள்ளுங்கள், சோப்புத்தூள் போட்டுக் கழுவினால் அது சாக்கடைக்குத்தான் போகிறது.

கேனை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். ஓரளவு பெரிய இடங்களில் 200 லிட்டர் பேரல் வைத்திருப்பார்கள், நிறைந்ததும் ஆள் வந்து வாங்கிப் போவார். கொடுக்கும்போது ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: வாங்கிப் போகிறவருக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா? பதில் மழுப்பலாக வந்தால் கேனை டிக்கியில் வைத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். நான் இரண்டு இடத்தில் திரும்பியிருக்கிறேன். மூன்றாவது இடத்தில் ரசீதையே எடுத்துக் காட்டினார்கள்.

அண்ணாச்சி கோபித்துக்கொண்டார், உண்மைதான். மூன்று வருடமாக என்னை நம்பித்தான் அந்த நிலையை விட்டு வைத்திருந்தாராம். பிறகு கொல்லம் போயிருந்தபோது முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வந்து கொடுத்தேன், அந்தப் பக்கம் தோணிக்கே பூசுவார்கள். வாங்குபவர்கள் கவனம், அதுவும் கையில் பட்டால் தோல் பொத்துவிடும். அவரிடம் கையுறையையும் சேர்த்துத்தான் கொடுத்தேன். கையுறை அப்படியே இருக்கிறது, விரலில்தான் கட்டு.